அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனைக்குப் பொது ஜெபக் குறிப்பு எழுதிக்கொடுப்பது சில வருஷமாக என் வேலை. அதில் தேசத்துக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஒரு பத்தி கண்டிப்பாக இருக்கும். நோயாளிகளுக்கான பத்தியைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இந்தப் பத்தியைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதுவும் தேர்தல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். புதுச்சேரியில் இருக்கும் கத்தோலிக்க உறவினர்களும் கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் போதகர் இல்லை, சபையில் ஒரு மூப்பர், அவ்வளவுதான்.

இப்படி ஜெபிக்கச் சொன்னது யார்? சபை வழக்கமா, வேதத்தில் இருக்கிறதா?

வேதத்திலேயே இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், 2-ஆம் அதிகாரம், முதல் இரண்டு வசனங்கள். எல்லா மனுஷருக்காகவும் ஜெபிக்கச் சொன்ன கையோடு, "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்" அப்படியே செய்யச் சொல்கிறார் பவுல். காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்: நாம் "கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்பண்ணும்படிக்கு". ராஜா செழிக்க வேண்டும் என்பதற்காக அல்ல, ஜனங்கள் நிம்மதியாகப் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஜெபம். முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு இந்தக் காரணத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

எரேமியா 29:7-ம் உண்டு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காகக் கர்த்தரிடம் விண்ணப்பம் பண்ணுங்கள் என்கிறது. தங்களைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் ஊருக்காக ஜெபிக்கச் சொன்னால் அந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பவுல் காலத்து ராஜா நல்லவராக இருந்திருப்பார். இப்போது உள்ளவர்களுக்கு எப்படி?

சபை மரபுப்படி அந்த நிருபம் எழுதப்பட்டது நீரோ ஆண்ட காலத்தில். அவன் ஆட்சி கி.பி. 54 முதல் 68 வரை. 64-இல் ரோம் நகரம் பற்றி எரிந்தபோது கிறிஸ்தவர்கள் மேல் பழியைப் போட்டு அவர்களைக் கொன்றவன். ஆகவே, "நல்லவர் என்றால் ஜெபிப்போம்" என்ற பேச்சுக்கு ஆரம்பத்திலிருந்தே இடம் இல்லை.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. ரோம சாம்ராஜ்யத்தில் பேரரசரின் உருவத்துக்கு முன் தூபம் காட்டி வணங்கும் வழக்கம் இருந்தது. கிறிஸ்தவர்கள் அதைச் செய்ய மாட்டோம் என்றார்கள். உடனே அவர்களுக்கு ராஜதுரோகிகள் என்று பெயர் வந்தது. சுமார் 197-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதற்குப் பதில் எழுதினார். நாங்கள் பேரரசருக்காக ஜெபிக்கிறோம். அவருக்கு நீண்ட ஆயுள், பத்திரமான ஆட்சி, அமைதியான உலகம் எல்லாம் கேட்கிறோம். ஆனால் அவரைக் கடவுள் என்று சொல்ல மாட்டோம் என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். அதற்கு ஏறக்குறைய 100 வருஷம் முன்பே ரோமிலிருந்து சபைத் தலைவர் கிளெமெந்து கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தின் கடைசிப் பகுதியிலும் ஆளுகிறவர்களுக்காக ஒரு நீண்ட ஜெபம் இருக்கிறது.

ஒருவருக்காக ஜெபிக்கிறோம் என்றாலே அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டோம். கை கூப்பி, தலை குனிந்து, மரியாதையோடுதான் சொல்கிறோம். ஆனாலும் ஆளுகிறவரின் அளவு இவ்வளவுதான் என்று சொல்லிவிடுகிறோம். இந்த ஜெபத்தைத் துதிபாடலாக நினைப்பவர்களும், அடிமைத்தனமாக நினைப்பவர்களும் இதைத்தான் கவனிப்பதில்லை. இது சல்யூட் இல்லை. ஓட்டும் இல்லை.

நான் ஓட்டுப் போடாத கட்சி ஆட்சிக்கு வந்திருக்கிறது. மனசு வரவில்லையே?

மனசு வந்த பிறகுதான் ஜெபிப்பேன் என்றால் இங்கே பாதிப் பேர் ஐந்து வருஷம் சும்மா இருக்க வேண்டியதுதான். அந்த ஆளைப் பிடிக்காவிட்டால் அவர் கையில் இருக்கும் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அரிசி, அரசு மருத்துவமனையின் மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் அவர் கையெழுத்தில்தானே ஓடுகிறது?

அநியாயம் செய்கிற ஆட்சி போக வேண்டும் என்று ஜெபிக்கலாமா?

இதைக் கேட்காத தேர்தல் வருஷமே கிடையாது. கேட்பவர் எந்தக் கட்சி என்பதுதான் மாறும்.

சுலபமான பதில் இல்லை. சங்கீதம் 109-இல் "அவன் நாட்கள் கொஞ்சமாவதாக" என்று வருகிறது. அதை வெட்டியெடுத்துத் தனக்குப் பிடிக்காத தலைவரின் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் உண்டு. அது வேத வசனத்தை உடுத்திக்கொண்ட சாபம். ஒருவரின் சாவை எங்கள் சபையில் ஜெபக் குறிப்பாக எழுத நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதே சமயம், அநீதி முடிய வேண்டும் என்று சபை கேட்டதே இல்லை என்று சொல்லவும் முடியாது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது, சொவெட்டோ மாணவர் எழுச்சியின் நினைவு நாளான ஜூன் 16 அன்று, 1985-இல், அநீதியான ஆட்சி முடிவுக்கு வரும்படி ஜெபிக்கச் சொல்லி சபைகளுக்கு வெளிப்படையாக அழைப்பு விடுத்தார்கள். சபைத் தலைவர்களிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அழைத்தவர்கள் யோசித்துத்தான் அழைத்தார்கள். அத்தனை வருஷமும் அந்த ஆட்சியாளர்களுக்காக ஜெபித்து, அவர்களிடம் மனுக் கொடுத்து, எச்சரித்துப் பார்த்த பிறகு வந்த அழைப்பு அது. எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் அங்கே நடந்தது 1994-இல்தான்.

என் கருத்து இதுதான். அநியாயம் ஒழியட்டும் என்று கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். அதைச் செய்கிறவர் திருந்தட்டும் என்றும் கேளுங்கள். எந்தக் கட்சி வர வேண்டும் என்று ஆண்டவருக்குப் பட்டியல் கொடுப்பதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், பொது ஜெபத்துக்குக் கொண்டுவர வேண்டாம். பக்கத்தில் முழங்காலில் நிற்பவர் வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்.

ரோமர் 13-ஐக் காட்டி, "அதிகாரிகளை எதிர்த்துப் பேசாதே, ஜெபம் மட்டும் பண்ணு" என்கிறார்களே?

ரோமர் 13-ஐ வாசிக்கிறவர்கள் நாலாம் வசனம் வரைக்கும் வாசிக்க வேண்டும். அதிகாரி உனக்கு நன்மை உண்டாகும்படி தேவ ஊழியக்காரனாயிருக்கிறான் என்று அங்கே இருக்கிறது. ஊழியக்காரன் என்றால் அவனிடம் வேலையைக் கேட்கலாம்.

அதே வேதத்தில்தான் தாவீது ராஜாவின் முகத்துக்கு நேராக "நீயே அந்த மனுஷன்" என்று சொன்ன நாத்தான் இருக்கிறார். ஆலோசனைச் சங்கத்துக்கு முன் நின்று, மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்ற பேதுருவும் இருக்கிறார் (அப்போஸ்தலர் 5:29). ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அடுத்த வருஷம், 1934-இல், பார்மன் நகரில் கூடிய சபையார் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நீதியையும் சமாதானத்தையும் காப்பதுதான் அரசுக்குத் தேவன் கொடுத்த வேலை, மனித வாழ்க்கை முழுவதையும் தன் கைக்குள் எடுத்துக்கொள்ள அதற்கு அதிகாரம் இல்லை என்றது அந்த அறிக்கை.

ஞாயிற்றுக்கிழமை கலெக்டருக்காக ஜெபித்துவிட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் குடிதண்ணீருக்காக மனுக் கொடுக்க வரிசையில் நிற்பதில் எனக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. இரண்டையும் செய்கிற ஒரு விதவைத் தாய் எங்கள் சபையில் இருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம் அவருடையது. அவரைவிட ஊக்கமாக அதிகாரிகளுக்காக ஜெபிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. ஏனென்றால் எந்த அதிகாரி எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும்? பெயர் சொல்ல வேண்டுமா?

குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், முதல்வர் என்று மேலேயிருந்து ஒரு வரி வாசித்துவிட்டு "ஆமென்" சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. தப்பில்லை. ஆனால் அந்த வரியை வாசிக்கும்போது சபையில் யாரும் எதையும் நினைப்பதில்லை, வருகைப் பதிவேடு வாசிப்பதைப் போல ஓடிவிடுகிறது.

"அதிகாரமுள்ள யாவருக்காகவும்" என்றுதானே வசனம்? நம் வாழ்க்கையில் அதிகாரம் என்பது டெல்லியிலிருந்து நேராக வருவது குறைவு. விஏஓ, தாசில்தார், சப்-இன்ஸ்பெக்டர், வார்டு கவுன்சிலர், ரேஷன் கடை ஊழியர், மின்வாரியத்தின் ஜே.இ., தலைமையாசிரியர், மாஜிஸ்திரேட் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு பதவியை எடுத்துக்கொண்டு, அந்த வேலையில் என்ன கஷ்டம், என்ன சபலம் என்று தெரிந்துகொண்டு ஜெபிக்கச் சொல்வேன். பத்திரப்பதிவு அலுவலகத்துக்காக ஜெபித்த வாரம் சபையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எதற்கு என்று எல்லாருக்கும் புரிந்தது.

2024-ஐ மறக்க முடியாது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்களுக்கு வந்த பெரிய அடி அதற்குப் பிறகுதான். திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியற்காலையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை மீறிக் கடலூர் மாவட்டத்துக்குள்ளும் புதுச்சேரியின் பாகூர் பக்கத்துக்குள்ளும் வந்தது. தண்ணீரை எப்போது, எவ்வளவு திறப்பது, யாருக்கு எத்தனை மணிக்குச் சொல்வது என்பதெல்லாம் நீர்வளத் துறையில் சில பேர் ராத்திரி கண் விழித்து எடுக்கிற முடிவுகள். சரியா தப்பா என்ற சண்டை பிறகு நடந்தது, நடக்கவும் வேண்டும். ஆனால் அதுவரை எந்தச் சபையின் குறிப்பிலாவது அணைக்கட்டு இன்ஜினீயர்களுக்காக ஒரு வரி இருந்திருக்குமா? இப்போது ஐப்பசி பிறந்தால் எங்கள் குறிப்பில் அந்த வரி இருக்கிறது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பதவியைச் சொன்னால் போதும். பெயர் சொன்னால் பாதிப் பேருக்குக் கட்சி ஞாபகம் வந்துவிடும். உடல்நிலை சரியில்லாதவர், விபத்தில் சிக்கியவர் என்றால் பெயர் சொல்லுங்கள், அங்கே அவர் ஒரு மனுஷர்.

நாங்கள் தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையில் இருக்கிறோம். எந்த அரசுக்கு?

இரண்டுக்கும். வீடு கடலூர் பக்கம், வேலை புதுச்சேரியில் என்று தினமும் முள்ளோடையைத் தாண்டிப் போகிறவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். தென்பெண்ணைத் தண்ணீர் தமிழ்நாட்டுப் பகுதியில் இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குப் போகிறது. ஒரு வாய்க்கால் ஓட இரண்டு அரசுகள் ஒத்துப்போக வேண்டும். அந்த ஒத்துப்போகுதலுக்காக ஜெபிக்கலாமே!

புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. துணைநிலை ஆளுநருக்கு எவ்வளவு அதிகாரம், முதல்வருக்கு எவ்வளவு என்ற தகராறு நீதிமன்றம் வரைக்கும் போன ஊர் அது. ஜெபத்தில் இருவரையும் ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரு மாதிரி ஜெபம் கிடைக்குமா?

சங்கீதம் 72-ஐத் திறந்து வையுங்கள். ராஜாவுக்கான ஜெபம் அது. ஆனால் திரும்பத் திரும்ப ஏழைகளின் நியாயத்தைப் பற்றிப் பேசுகிறது. நான் எழுதிக்கொடுப்பது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"ஆண்டவரே, எங்கள் மாவட்டத்தில் நிலப் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் கையாளுகிறவர்களுக்காக வேண்டுகிறோம். காசு இல்லாதவர் கொண்டுவரும் காகிதத்தையும் அவர்கள் பொறுமையாக வாசிக்கட்டும். மேலிடத்திலிருந்து தப்பான உத்தரவு வந்தால் மறுக்கத் தைரியம் கொடும். அவர்களுடைய பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். நாங்களும் வரிசையைத் தாண்டிப் போகவும் பணம் கொடுத்து வேலையை முடிக்கவும் தேடாதபடி எங்களைத் தடுத்து ஆட்கொள்ளும்."

கடைசி வரியைச் சொல்லும்போது "ஆமென்" கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

கத்தோலிக்கர்களிடம் இந்த வழக்கம் உண்டா?

உண்டு. திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு என்று வருகிறதே, அதில் நாட்டை ஆளுகிறவர்களுக்கான மன்றாட்டு ஒன்று இருக்கும். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பொது மன்றாட்டை மீண்டும் கொண்டுவரச் சொன்னபோது மேலே சொன்ன அதே தீமோத்தேயு வசனத்தைத்தான் காட்டியது. பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டின் பத்துப் பெரிய மன்றாட்டுகளில் ஒன்பதாவது, நாட்டை ஆள்வோருக்கானது. புதுச்சேரியின் சம்பா கோவிலிலும் இருதய ஆண்டவர் பசிலிக்காவிலும் அன்றைக்கு நிற்கிறவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள்.

ஆட்சியே மாறிவிட்டால்?

நம் ஊர்களுக்கு இது புதிதா என்ன? சுவீடனைச் சேர்ந்த கீர்நாந்தர் 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்தார். அப்போது இங்கே புனித டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்தார். கீர்நாந்தர் கடலூரை விட்டு, கடைசியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் ஆங்கிலேயர் திரும்ப வந்தார்கள். புதுச்சேரியோ 1761, 1778, 1793 என்று மூன்று தடவை ஆங்கிலேயரிடம் விழுந்து, ஒவ்வொரு தடவையும் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பிப் போனது. பிரான்ஸ் நாட்டுக் கோவில்களில் பூசை முடிவில் பாடிய லத்தீன் மன்றாட்டில், "ராஜாவைக் காத்தருளும்" என்பது நெப்போலியன் காலத்தில் "பேரரசரை" என்றும் பிறகு "குடியரசை" என்றும் மாறிக்கொண்டே வந்தது. இந்தியாவில் ஆங்கிலேய மன்னருக்காக ஜெபித்த ஆங்கிலிக்கன் வழிவந்த சபைகளும் நாடு குடியரசானதும் குடியரசுத் தலைவருக்காக ஜெபிக்கத் தொடங்கின. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16 அன்று. நாற்காலியில் உட்காருகிறவர் மாறினால் குறிப்பில் ஒரு சொல் மாறும், அவ்வளவுதான்.

தேர்தல் சமயத்தில் வேட்பாளர் ஆராதனைக்கு வந்து ஜெபிக்கச் சொன்னால்?

ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், ஜெபமும் பண்ணலாம். மைக் கொடுக்காதீர்கள். மத நிறுவனங்களின் இடத்தை அரசியல் வேலைக்குப் பயன்படுத்த விடுவதை 1988-இல் வந்த ஒரு மத்தியச் சட்டம் தடுக்கிறது. தேர்தல் நடத்தை விதிகளும் கோவில், மசூதி, தேவாலயங்களைப் பிரசார மேடை ஆக்கக்கூடாது என்கின்றன. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தை விடுங்கள், ஒரு வேட்பாளருக்கு மட்டும் கை வைத்து ஜெபித்தால் மற்றவருக்கு என்ன சொல்வீர்கள்? எல்லா வேட்பாளருக்காகவும், பூத்தில் நாள் முழுக்க உட்காரும் ஆசிரியர்களுக்காகவும் சேர்த்து ஒரு ஜெபம் போதும்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே கொண்டாடும் செமி கிறிஸ்துமஸுக்கு அமைச்சரைக் கூப்பிட்டு, பொன்னாடை போட்டு, ஜெபிக்கிறோமே. அது சரியா?

கூப்பிடுங்கள், கேக் கொடுங்கள். ஆனால் அந்த ஜெபத்தைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? "ஆண்டவரே, எங்கள் அண்ணனுடைய சேவைகளை நீர் அறிவீர்" என்று ஆரம்பித்து, கட்சி மேடைப் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு பேசுவது போலப் போகும். அது அவர் காதுக்குச் சொல்வது. ஃப்ளெக்ஸில் ஏசுவின் படத்தைவிட அவர் படம் பெரிதாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு நிமிடம், ஞானமும் நியாயமும் கேட்டு ஜெபித்துவிட்டு உட்காரலாம்.

ஆட்சியில் இருப்பவர் வேறு மதத்தவர். அவர் மனம் மாற வேண்டும் என்று ஜெபிக்கலாமா?

தனி ஜெபத்தில் உங்கள் விசுவாசப்படி யாருக்காகவும் எதையும் கேளுங்கள். பொது இடத்தில், அவரை வைத்துக்கொண்டு அப்படி ஜெபிப்பது மரியாதை இல்லை. பவுல் அகிரிப்பா ராஜாவிடம் பேசியதைக் காட்டுவார்கள். பவுல் விலங்கோடு நின்று பேசினார், மாலை போட்டுக் கூட்டிவந்து அல்ல. நல்ல நிர்வாகம் பண்ண ஒருவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எருசலேம் ஆலயத்தை மறுபடி கட்ட அனுமதி கொடுத்த கோரேசு பெர்சிய ராஜா.

இத்தனை வருஷம் ஜெபித்து என்ன மாறியது?

லஞ்சம் நிற்கவில்லை. சாலையும் அப்படியேதான். ஜெபித்ததால் இன்ன உத்தரவு வந்தது என்று சாட்சி சொல்கிறவர்களை நான் குறுக்கே பேசித் தடுப்பதில்லை, நானாக அப்படிச் சொல்வதும் இல்லை. எனக்குத் தெரிந்த மாற்றம் ஜெபிக்கிறவர்களிடம்தான். ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்காக வாரக்கணக்கில் ஜெபித்துவிட்டு அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டுவது கஷ்டம். அவரிடம் தைரியமாகப் போய்ப் பேசுவது சுலபம்.

நானே அரசு ஊழியர். எனக்காக ஜெபிக்கும்போது கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம். எங்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்களில் டீச்சர்கள், நர்சுகள், போலீஸ்காரர்கள், தாலுகா ஆபீஸ் கிளார்க்குகள் என்று எத்தனையோ பேர். அதிகாரிகளுக்கான பத்தி வாசிக்கும்போது அவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் சில சபைகளில் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. உங்கள் வேலையில் இந்த வாரம் எது கஷ்டம் என்று சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், பெயர் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறேன்.